டட்சன் 1200 பிக்கப்புக்கு ரேடியேட்டர் எங்கே தேடுவது?

வத்தளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பா வைத்திருந்த டட்சன் 1200 பிக்கப், ஸ்ரீ நம்பர் வண்டி. ரேடியேட்டர் கீழ்ப்பக்கம் ஒழுகுகிறது. மருதானையில் நெரிசலில் நின்றால் ஊசி சிவப்புக்குப் போய்விடுகிறது. பஞ்சிகாவத்தையில் சில கடைகளில் கேட்டேன். சிலர் இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும் அலுமினிய ரேடியேட்டர் ஒன்றைக் காட்டி, பழையதைத் தந்துவிட்டு இதை எடுங்கள், விலை குறைத்துத் தருகிறேன் என்றார். எடுக்கலாமா?"

தம்பி, எடுக்க வேண்டாம். அலுமினியம் என்பதற்காக அல்ல, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பழையதைக் கையை விட்டுக் கொடுக்கக் கூடாது என்பதற்காக. உங்கள் வண்டிக்கு உலகத்திலேயே மிகப் பொருத்தமான ரேடியேட்டர் இப்போது அந்த வண்டியில்தான் இருக்கிறது.

ரேடியேட்டர் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு வகைப் பாகங்கள் இருக்கின்றன. ஒன்று நடுவில் இருக்கும் கோர்: தட்டையான குழாய்களும் அவற்றுக்கு இடையில் மெல்லிய செம்புத் தகடுகளும். தேய்வதும் அடைபடுவதும் ஒழுகுவதும் பெரும்பாலும் இதுதான். மற்றது மேலும் கீழும் தண்ணீர் நிற்கும் பித்தளைத் தாங்கிகள் (டாங்க்), பக்கத்து பிராக்கட்டுகள், ஹோஸ் மாட்டும் வாய்கள், மூடி உட்காரும் கழுத்து. இந்த வண்டிக்கென்றே அச்சில் அடித்து வளைத்தவை இவைதான். கோரை இன்றைக்கும் அளவு சொல்லிப் புதிதாகப் போடலாம். தாங்கியும் பிராக்கட்டும் போனால் திரும்பக் கிடைக்காது. பழையதைக் கொடு என்று கேட்பவருக்குப் பித்தளையும் செம்பும் எடைக்கு என்ன பெறும் என்பது நன்றாகவே தெரியும்.

எதையும் வாங்குவதற்கு முன் கோளாறு ரேடியேட்டரில்தானா என்று உறுதிப்படுத்துங்கள். ஒழுகுவது கண்ணால் தெரிகிறது, சரி. ஆனால் சூடேறுவதற்கு வேறு காரணமும் சேர்ந்திருக்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா பாருங்கள். வந்தால் ஹெட் காஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் ஏ12 எஞ்சினில் பிளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். நன்றாகச் சூடேறிய இந்த எஞ்சின்களில் ஹெட் வளைந்துவிடும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறிய துவாரம் இருக்கும், அதில் ஈரம் தெரிந்தால் பம்பின் சீல் போய்விட்டது. இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் எஞ்சின் சூடேறும். இவை சரியாக இருந்தால்தான் ரேடியேட்டருக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு.

கழற்றிய பிறகு அதை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். தாங்கியும் கோரும் சேரும் விளிம்பில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் ஈயப் பற்று விட்டிருக்கிறது. அது மட்டும்தான் என்றால் கோர் மாற்றவே தேவையில்லை, தாங்கியைக் கழற்றி சுத்தம் செய்து மறுபடி ஈயம் வைத்தால் போதும். குழாய்களுக்கு நடுவில் ஒழுகினால் விஷயம் வேறு. செம்புத் தகடுகளை விரல் நகத்தால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் கோர் முடிந்தது. வத்தளை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று கடல் காற்று படும் இடங்களில் வெளியே நிறுத்தும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். குழாய் நன்றாக இருக்கும், தகடு குழாயை விட்டுப் பிரிந்திருக்கும். தண்ணீர் ஒரு சொட்டு ஒழுகாது, வண்டி மட்டும் சூடேறும். தகடு தொட்டுக்கொண்டிருக்காவிட்டால் குழாயின் சூடு காற்றுக்குப் போக வழியில்லை.

உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் எளிது. கீழ் வாயை உள்ளங்கையால் அடைத்து நிறையத் தண்ணீர் விட்டு, கையைச் சட்டென்று எடுங்கள். வாய் நிறையக் கொட்ட வேண்டும். மெல்லிய தாரையாக வந்தால் பாதிக் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. அப்பா யாழ்ப்பாணப் பக்கம் ஓடித் திரிந்தவர் என்றால் இது இன்னும் சாத்தியம். குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. கொதிக்க வைக்கும் கேத்தலில் படியும் அதே வெள்ளைப் படிவம்தான் ரேடியேட்டருக்குள்ளும் படியும். ஒழுக்கை நிறுத்த எப்போதாவது மஞ்சள் தூள் போட்டிருக்கிறார்களா என்றும் வீட்டில் கேளுங்கள். வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டையை அடைத்த மஞ்சள் நல்ல குழாயையும் அடைக்கும். கடையில் விற்கும் ஒழுக்கு அடைக்கும் மருந்துகளும் அப்படித்தான்.

இனி அளவு. பஞ்சிகாவத்தைக்கு மறுபடி போவதற்கு முன் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் "டட்சன் 1200 ரேடியேட்டர் இருக்கிறதா" என்ற கேள்விக்கு "இல்லை" என்ற பதில்தான் வரும். கையில் அளவோடு போனால் பேச்சு வேறு மாதிரிப் போகும். கோரின் உயரம், அகலம், தடிப்பு மூன்றையும் மில்லிமீற்றரில் எடுங்கள். தாங்கியைச் சேர்க்காமல் கோரை மட்டும் தனியாக, பிறகு மேலிருந்து கீழ் வரை மொத்த உயரம். பிராக்கட் துளைகளுக்கு இடையே குறுக்கிலும் நெடுக்கிலும் உள்ள தூரம். மேல், கீழ் ஹோஸ் வாய்களின் வெளிவிட்டம், அவை வண்டியில் உட்கார்ந்து பார்க்கும்போது இடப்பக்கமா வலப்பக்கமா, எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கின்றன. மூடியின் கழுத்து எங்கே. அப்புறம் பலரும் மறக்கும் ஓர் அளவு: கோரின் பின்முகத்துக்கும் ஃபேன் இதழுக்கும் இடையே உள்ள இடைவெளி. தடித்த கோர் போடலாமா என்பதை அதுதான் தீர்மானிக்கும். முன், பின், பக்கவாட்டுப் படங்களை அளவுகோலை வைத்தே எடுங்கள்.

அளவுக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: உள்ளே இருப்பது உண்மையில் ஏ12 எஞ்சின்தானா? இலங்கையில் பழைய பிக்கப்புகள் பலவற்றுக்கு ஏதோ ஒரு காலத்தில் டீசல் எஞ்சின் ஏற்றியிருப்பார்கள். அப்படிச் செய்த வண்டிகளில் ரேடியேட்டரும் வேறு வண்டியினுடையதாக இருக்கும், பிராக்கட்டை வெட்டி ஒட்டியிருப்பார்கள். வாகனப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் பிளொக்கில் பொறித்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏ12 என்றால் 1171 சிசி, அதே குடும்பத்தில் ஏ14, ஏ15 என்று பெரியவையும் உண்டு. வெளிப்பார்வைக்குச் சட்டென்று வித்தியாசம் தெரியாது.

இந்த பிக்கப் 1971இல் வந்தது, பி120 என்பது அதன் மாதிரிக் குறியீடு. ஜப்பானில் இதே வரிசையை 1994 வரை செய்தார்கள். தென் ஆபிரிக்காவில் நிசான் 1400 என்ற பெயரில் 2008 வரை தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அதனால்தான் ஐம்பது வயது வண்டி என்றாலும் வாட்டர் பம்ப், ஹோஸ், காஸ்கட் எல்லாம் இன்னும் புதிதாகக் கிடைக்கின்றன. ரேடியேட்டர் விஷயத்தில் மட்டும் இந்த நீண்ட ஆயுள் ஒரு சிக்கலையும் தருகிறது. ஆண்டுக்கும் நாட்டுக்கும் ஏற்ப வாய்களும் பிராக்கட்டுகளும் மாறியிருக்கலாம். "1200 பிக்கப்புக்கு உரியது" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. நிசானின் பழைய ரேடியேட்டர் பாக இலக்கங்கள் 21400 என்று தொடங்கும். பெட்டியிலோ லேபிளிலோ அது இருந்தால் ரேடியேட்டர் என்பது மட்டும் உறுதி, உங்களுடையதா என்பதைப் பின்னால் வரும் ஐந்து எழுத்து இலக்கங்கள்தான் சொல்லும். "எஞ்சின் ஒன்றுதானே, பி310 சன்னியுடையதைப் போடுங்கள், வெனட்டுடையதைப் போடுங்கள்" என்றும் சொல்வார்கள். எஞ்சின் ஒன்றாக இருக்கலாம். ரேடியேட்டரைத் தீர்மானிப்பது உடல். வெனட் என்ற வானில் எஞ்சின் இருக்கைக்கு அடியில், பிக்கப்பில் முன்னால். சன்னியுடையது ஓரளவு நெருங்கி வரும், ஆனாலும் உங்கள் அளவுத் தாளோடு ஒப்பிடாமல் காசு கொடுக்க வேண்டாம். ஓட்டோ கியர் வண்டியிலிருந்து கழற்றியது என்றால் கீழ்த் தாங்கியில் கியர் எண்ணெய்க்கு இரண்டு வாய்கள் கூடுதலாக இருக்கும். அது குறையில்லை, இரண்டையும் மூடி போட்டு அடைத்துவிடலாம்.

பஞ்சிகாவத்தையில் தேடும்போது புதுச் சாமான் விற்கும் முன்வரிசைக் கடைகளோடு நிற்காதீர்கள். ஸ்ரீ சங்கராஜ மாவத்தையை ஒட்டிய குறுக்குத் தெருக்களில் பழைய வண்டி உடைத்த பாகங்களை அடுக்கி வைத்திருப்பவர்களிடம் போய்ப் படத்தைக் காட்டுங்கள். நுகேகொடைப் பக்கம் தெல்கந்தையிலும் பார்க்கலாம். பஞ்சிகாவத்தையில் தமிழிலேயே பேசி முடிக்கக் கூடிய கடைகள் நிறைய. போயா தினத்தில் போக வேண்டாம், வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். கிடைப்பது பழைய ரேடியேட்டர் என்றால் அதை வேலை செய்யும் ரேடியேட்டராக நினைத்து விலை பேசாதீர்கள். தாங்கியும் பிராக்கட்டும் நல்ல நிலையில் உள்ள ஓர் உடம்பு கிடைத்தது, கோர் எப்படியும் மாற்ற வேண்டும் என்று நினைத்துப் பேசுங்கள். உங்களுடைய தாங்கி வெடித்திருந்தால் மட்டுமே அது தேவைப்படும்.

நான் செய்யச் சொல்வது கோர் மாற்றுவதுதான். கொழும்பில் ரேடியேட்டர் வேலை மட்டும் செய்யும் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் தாங்கி, அலுமினியக் கோர் வந்த பிறகு அவர்களின் வேலை குறைந்துவிட்டது. அலுமினியத்தை ஈயத்தால் ஒட்ட முடியாது, ஆகவே அந்த ரேடியேட்டர்களைப் பெரும்பாலும் தூக்கி எறிந்து புதிது போடுகிறார்கள். பித்தளைத் தாங்கியைச் சூடு காட்டிக் கழற்றி, புதுக் கோரில் உட்கார வைத்து, சுற்றிலும் சமமாக ஈயம் ஓட விடத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். லொறி, பஸ், ஜெனரேட்டர் வேலை செய்யும் கடைகளில் அவர்களைத் தேடுங்கள். பெரிய வண்டிகளில் செம்பு ரேடியேட்டர் நீண்ட காலம் நிலைத்திருந்தது, கை பழகியிருக்கும். உங்கள் கராஜ்காரரிடம் "லொறி ரேடியேட்டரை யாரிடம் கொடுக்கிறீர்கள்" என்று கேட்டால் சரியான பெயர் வரும்.

பாஸிடம் என்ன பேச வேண்டும்? முதலில் குழாய் வரிசை. இந்த வண்டியில் இரண்டு வரிசை என்றால், இடைவெளி அனுமதித்தால் மூன்று வரிசைக் கோர் கேட்கலாம். கொழும்பு நெரிசலுக்கு அது நல்லது. ஆனால் நான்காவது வரிசைக்கு ஆசைப்பட வேண்டாம். தடிப்பு கூடக் கூட காற்று ஊடுருவுவது கடினமாகும், எஞ்சினோடு சுற்றும் சிறிய ஃபேன் ஐட்லிங்கில் அதை இழுக்காது. பின்வரிசைகளுக்கு ஏற்கனவே சூடான காற்றுத்தான் போய்ச் சேரும். தகடு நெருக்கமும் அப்படியே: ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு, பதினான்கு தகடு இருந்தால் போதும். இன்னும் நெருக்கினால் தூசியும் பூச்சியும் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது, தாங்கியைக் கழற்றியதும் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். உள்ளே என்ன இருந்தது என்பதை நேரில் பார்க்க வேண்டும். சிவப்புத் துருச் சேறு இருந்தால் அது ரேடியேட்டரில் உருவானது அல்ல, செம்பும் பித்தளையும் அப்படித் துருப்பிடிக்காது. எஞ்சின் பிளொக்கிலிருந்து வந்தது. அதைக் கழுவாமல் புதுக் கோரைப் பூட்டினால் முதல் மாதத்திலேயே மறுபடி அடைக்கத் தொடங்கும். பிளொக்கின் பக்கத்தில் உள்ள வடிகால் பிளக்கைக் கழற்றி, இரு பக்கமும் தண்ணீர் விட்டுத் தெளிவாக வரும் வரை கழுவுங்கள்.

ஒட்டும்போது பயன்படுத்தும் அமிலத்தைப் பிறகு நன்றாகக் கழுவ வேண்டும், இதை வாய் விட்டுக் கேட்டுச் செய்வியுங்கள். கழுவாமல் விட்ட அமிலம் ஒட்டிய இடத்தையே அரிக்கும், ஆறு மாதத்தில் பச்சை பூக்கும். வேலை முடிந்ததும் உங்கள் முன்னால் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, ஒரு பார் அளவு காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் அழுத்தம் கொடுத்துப் பலம் காட்ட வேண்டாம். பழைய தாங்கியின் மடிப்புகள் அதற்கானவை அல்ல. கடைசியாக, பெயின்ட். மெல்லிய ஒரு பூச்சு கறுப்பு போதும். பளபளப்பாக இரண்டு மூன்று பூச்சு அடித்தால் பார்வைக்கு அழகு, சூடு வெளியேறுவதற்குத் தடை.

செம்பு வெளிநாட்டிலிருந்து வரும் உலோகம், டாலர் விலை. 2022இல் ரூபாய் விழுந்ததிலிருந்து செம்புக் கோர் மலிவான வேலை அல்ல. அலுமினியம் அதைவிடக் குறைவாகவே வரக்கூடும். இருந்தும் நான் செம்பைச் சொல்வதற்குக் காரணம், அடுத்த முறை ஒழுகினால் எந்த ஊரிலும் ஈயம் வைத்து எழுப்பிவிடலாம் என்பதே.

அலுமினியத்தைப் பற்றி நியாயமாகவே சொல்கிறேன். செம்பு அலுமினியத்தைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. அலுமினியக் குழாய்களை அகலமாகச் செய்யலாம், தகடுகளை ஈயம் இல்லாமல் நேரடியாக இணைக்கலாம், எடையும் குறைவு. நன்றாகச் செய்த இரண்டு வரிசை அலுமினிய ரேடியேட்டர் உங்கள் வண்டியைத் தாராளமாகக் குளிர்விக்கும். சிக்கல் பொருத்துவதில். "யூனிவர்சல்" என்று விற்பதை ஒரு பழைய பிக்கப்பில் வைக்க பிராக்கட் வெட்டி, ஹோஸை வளைத்து, முன்தகட்டில் துளை போட வேண்டிவரும். போட்ட துளை போட்டதுதான். ரப்பர் புஷ் இல்லாமல் இறுக்கிப் பூட்டினால் நம் தெருக்களின் குலுக்கலில் வெல்டிங் விளிம்பில் வெடிக்கும். இந்த மாதிரிக்கென்றே அளவெடுத்துச் செய்த அலுமினிய ரேடியேட்டர்களை அவுஸ்திரேலியாவில் விற்கிறார்கள், அங்கே இந்த 1200 பிக்கப்புக்குப் பெரிய ரசிகர் கூட்டம். வரவழைக்க நினைத்தால் வாய்கள் எந்தப் பக்கம் என்று படம் வாங்கிப் பாருங்கள், சுங்க வரி எவ்வளவு வரும் என்று கிளியரிங் ஏஜென்டிடம் முன்கூட்டியே கேளுங்கள். அப்போதும் பழைய ரேடியேட்டர் வீட்டில் இருக்கட்டும்.

பூட்டும்போது சில்லறைச் சாமான்களில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மேல், கீழ் ஹோஸ் இரண்டும் புதிது. கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம், ரப்பர் தளர்ந்தால் வேகத்தில் உள்வாங்கி அடைத்துக்கொள்ளும். பழையதில் உள்ளே கம்பிச் சுருள் இருந்தால் அதை எடுத்துப் புதியதில் போடுங்கள். மூடி 0.9 பார், அதாவது 13 பி.எஸ்.ஐ. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 118 பாகை ஆக வேண்டும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் 100 பாகையிலேயே கொதிக்கும், புது ரேடியேட்டரும் உதவாது. "பலமானது" என்று 1.1 பார் மூடியைத் தருவார்கள், வேண்டாம். நிரம்பி வழியும் தண்ணீருக்குத் தனிப் போத்தல் வைக்கிறீர்கள் என்றால் மூடியின் மேல்விளிம்பிலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிரும்போது போத்தலிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்காது, காற்றை இழுக்கும்.

தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வை, கழற்றி எறிந்திருந்தால் திரும்பப் போடுங்கள். "நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை" என்பது பல கராஜ்களில் வேதவாக்கு. அது இல்லாவிட்டால் அதிகாலையில் எஞ்சின் சூடாக நெடுநேரம் எடுக்கும், பெற்றோல் கூடும், எண்ணெய் கெடும். நிசான் வெப்ப நாடுகளுக்கென்றே 76.5 பாகையில் திறக்கும் ஒன்றைக் கொடுத்தது, பொதுவானது 82 பாகை. எது கிடைத்தாலும் சரி. ஃபேனைச் சுற்றிய தகரக் கூடு இருந்தால் கட்டாயம் திரும்பப் பூட்டுங்கள். ஓட்டத்தில் அது பெரிதாகத் தெரியாது. மருதானையில் நிற்கும்போது அது இல்லாவிட்டால், ஃபேன் கோரின் ஊடாகக் காற்றை இழுக்காமல் எஞ்சின் அறையின் சூட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். உங்கள் ஊசி நெரிசலில் மட்டும் ஏறுகிறது என்கிறீர்களே, முதலில் இந்தக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

மின்சாரத்தையும் பாருங்கள். பழைய வண்டிகளில் எஞ்சினிலிருந்து உடலுக்குப் போகும் எர்த் கம்பி துருப்பிடித்திருந்தால், மின்சாரம் தண்ணீர் வழியாகப் பாதை தேடும். அது கோரை உள்ளிருந்தே அரிக்கும். எஞ்சின் குளிராக இருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, விளக்குகளைப் போட்டு, மீட்டரின் ஒரு கம்பியைத் தண்ணீரில் உலோகம் தொடாமல் பிடித்து, மற்றதை பற்றரியின் நெகட்டிவ்வில் வையுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கம்பியைப் புதிதாகப் போட்ட பிறகே வண்டியை ஓட்டுங்கள்.

கூலண்ட் உறைபனிக்குத்தான், நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். துருத் தடுப்பும் பம்ப் சீலுக்கு வழுக்கலும் அதில்தான் இருக்கிறது. செம்பு, பித்தளை, ஈயப் பற்றுக்கு ஏற்றது என்று லேபிளில் எழுதியிருக்க வேண்டும். நிறத்தை நம்பி வாங்காதீர்கள், பச்சையும் சிவப்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். மிஞ்சியதைத் திறந்த பாத்திரத்தில் வைக்க வேண்டாம், அது இனிக்கும், நாய் பூனை நக்கினால் செத்துவிடும்.

வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்கும்படி வைத்து, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓட விட்டு நிரப்புங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது மீதியை ஊற்றி மூடுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லாம் ஆறியதும் ஹோஸ் கிளிப்புகளை இன்னொரு தடவை இறுக்கி மட்டத்தைப் பாருங்கள். அளவுகளையும் படங்களையும் எடுத்ததும் இங்கேயே போடுங்கள் தம்பி. கோர் எத்தனை வரிசைக்கு இடம் கொடுக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.